கடைசிப் பக்கத்துக்கு ஒரு கிளிப்

புது நாவல் கைக்கு வந்ததும் ஸாலிஹா மாமி துணி காயப்போடும் கிளிப்பைத் தேடுவார். புத்தகத்தைத் திருப்பி, கடைசியில் இருக்கும் தாள்களை ஒரு கொத்தாகச் சேர்த்து கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். தூத்துக்குடியிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுக்கிற புத்தகங்களெல்லாம் பின்னட்டையில் கிளிப்பின் பல் தடத்தோடுதான் திரும்பி வரும். குறைபட்டுக்கொண்டால், "எழுத்து அழியலல்ல, பொறவென்ன?" என்பார்.

காயல்பட்டினத்தில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வருவதற்கென்றே சந்துகள் உண்டு. முடுக்கு என்பார்கள். மாமியின் வீட்டு முடுக்குவாசலில் மாலைத் தொழுகைக்குப் பிறகு நாலு பெண்கள் கூடினால், மீன் விலையில் தொடங்கும் பேச்சு நாவலில் போய் நிற்கும். மாமி வேண்டாம் என்று சொன்ன புத்தகத்தை அந்தத் தெருவில் யாரும் தொடமாட்டார்கள். கணவர் முஹ்யித்தீன் மஸ்கட்டில் கடை வைத்திருக்கிறார். அவர் ஊருக்கு வரும்போது மற்ற வீடுகளுக்கு அத்தர் போகும், மாமிக்குப் புத்தகக் கட்டு வரும்.

மாமியின் கருத்துகளை எழுதினால் எழுத்தாளர்கள் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். பெரியவர்களுக்கான நாவல்களில் பத்தாம் பக்கத்துக்குள் மழை பெய்தால் மாமி மூடி வைத்துவிடுவார். கதாநாயகி எந்நேரமும் அடுப்படியில் நிற்கிறாள், என்ன ஆக்கினாள் என்று ஒருத்தனும் எழுதுவதில்லை என்பது நெடுநாள் புகார். ஊரை விட்டுப்போன ஆண்கள் ஊரை நினைத்து அழும் கதைகள் அறவே ஆகாது. "போனவன் ஒக்காந்து அழுதான். இங்கன இருக்கவளுக்கு அழ நேரம் எங்க இருக்கு?"

இளையோர் நாவல் என்றால் இன்னும் கறார். புத்தி சொல்லக் கூடாது, பிள்ளைகள் ஒரு தப்பாவது செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். "பெரியவங்க கத எங்கன வேணும்னாலும் நிக்கட்டும். புள்ளைங்க கத, புள்ளய வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுட்டுத்தான் நிக்கணும்."

அந்தச் சட்டத்துக்காகவே அந்தக் காலத்தில் எந்த நாவலையும் மாமி கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லையா, அது மாதிரி என்பார். கிளிப் வந்தது அதற்கப்புறம்.

முடுக்கில் அடுத்த வாசல் அஸ்மாவுடையது. பிளஸ் டூ படிக்கையில் அவள் ஒரு கதை எழுதி, அச்செடுத்து மாமியிடம் கொண்டுவந்தாள். வாப்பாவைத் தேடித் தோணியில் ஒளிந்துகொண்டு போகும் ஒரு சிறுமியின் கதை. மாமி வழக்கம்போல் கடைசித் தாளை உருவினார். கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைய, சிறுமி சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத்து இல்லை. கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் மாமி தீர்ப்புச் சொன்னார்: "புள்ளய நடுக்கடல்ல விட்டுட்டு நீ மட்டும் கரையேறிட்டியேளா." எல்லோரும் சிரித்தார்கள். அஸ்மாவும் சிரித்தாள். தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறு வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அஸ்மாவின் உம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அது பாதிக் கதைதானாம். சிறுமியை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று தெரியாமல், மாமியைக் கேட்கத்தான் அன்றைக்கு அவள் வந்தாளாம். அதற்குப் பிறகு அவள் ஒரு வரி எழுதவில்லை, ஒரு நாவலைப் பிரிக்கவும் இல்லை. மாமியேதான் இதை என்னிடம் சொன்னார். "மொதப் பக்கத்த நான் பாக்கவே இல்ல. அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தாள்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

கடைசிப் பக்கம் கண்ணில் படாமலிருக்கக் கிளிப் மாட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது நல்ல நாவல் என்று கேள்விப்பட்டால் தான் படிக்கும் முன்பே கிளிப் மாட்டி அஸ்மாவிடம் கொடுத்துவிடுகிறார். நீ படித்துவிட்டுச் சொல், அதுவரை நான் வாய் திறக்கமாட்டேன் என்பது ஏற்பாடு. மாமி வாய் திறக்காமல் இருப்பது சாமானியமான காரியமில்லை.

போன மாதம் என்னையும் முடுக்கு வழியாக அழைத்துப்போனார். இடுப்பில் குழந்தையோடு அஸ்மா கதவைத் திறந்தாள். இன்ஸ்டாகிராமில் அபாயா விற்கிறாள், வீடு கொள்ளாத பார்சல். தேநீர் கொடுத்தாள், கலகலப்பாகப் பேசினாள். மாமி கொண்டுவந்த நாவலை வாங்கி அலமாரியில் மற்ற நாவல்களின் மேல் வைத்தாள். இதுவரை மாமி கொடுத்தவை அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றில்கூட கிளிப் கழற்றப்படவில்லை.

மாமி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் புள்ள கரைக்கு வந்துச்சா, அஸ்மா?"

அஸ்மா குழந்தையின் வாயைத் துடைத்தாள். குரலில் கோபம் ஒன்றுமில்லை. "கடைசிப் பக்கத்த நீங்க அன்னைக்கே படிச்சிட்டீங்களே, மாமி."

உள்ளே போன் அடித்தது. யாரோ ஆர்டர் கேட்டார்கள், அஸ்மா எழுந்து போனாள். மாமி அலமாரிப் பக்கம் போனார். அடுக்கின் நடுவில் ஒரு புத்தகத்தின் கிளிப் நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகத்தை எடுத்ததும் கடைசிப் பக்கம் விரிந்துகொண்டது. மாமி முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டு, விரலால் தடவித் தடவித் தாள்களைச் சேர்த்து, கிளிப்பை மறுபடியும் இறுக்கி மாட்டினார்.