கஞ்சாவும் நோன்புக் கஞ்சியும்

எங்கள் கோல்கீப்பர் காலில் கட்டியிருந்த வெள்ளைக் கால்காப்பை அவிழ்த்து உதறியபோது, அதற்குள்ளிருந்து செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று செம்மண் தரையில் விழுந்தது. மைதானத்தை ஒட்டித்தான் எங்கள் தாவரவியல் தோட்டம். மாணவிகளோடு நான் வேலியோரம் நின்றிருந்ததால் எல்லாவற்றையும் நன்றாகவே பார்த்தேன். ஹாக்கி அணி மொத்தமும் பார்த்தது. பார்த்த கையோடு ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோல்கீப்பர் மட்டும் அதன்மேல் ஷூவை வைத்து மறைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். உடற்பயிற்சி ஆசிரியரான பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மெல்ல நடந்து வந்தார்.

“என்னலே அது?”

“மூக்குப்பொடி சார்.”

பி.டி. சார் குனிந்து எடுத்துப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோனார். “மூக்குப்பொடின்னா தும்மல்லா வரணும்? வரலயே!” என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் என் மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோல்கீப்பரின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து எனக்கு அது முதல் வருடம். மறுநாள் முதல்வரின் அறையில் விசாரணை. முதல்வர், பி.டி. சார், அணியின் கேப்டன் ஆகியோரோடு என்னையும் அழைத்திருந்தார்கள். சம்பவத்தைப் பார்த்த சாட்சி என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் போனேன். முதல்வர் பொட்டலத்தை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி, “இது செடிதானே மேடம்? உங்க டிபார்ட்மென்ட் விஷயம். இத அடிச்சா அடிமையாயிருவாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

அந்தச் செடியின் குடும்பப் பெயர் எனக்குத் தெரியும். ஆண் செடி தனி, பெண் செடி தனி என்று தெரியும். தண்டிலிருந்து நார் எடுப்பார்கள் என்பதும் தெரியும். அதை இழுப்பவன் என்ன ஆவான் என்பதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தந்ததில்லை. அதைச் சொன்னபோது முதல்வருக்கு ஏமாற்றம். மாசியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வரவிருந்தது. அவன் நல்ல கோல்கீப்பர். அடிமை இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எச்சரித்து விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. பி.டி. சாரோ நேர் எதிர். “இன்னைக்கே வெளிய அனுப்புங்க சார். நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா டீமுக்கே அசிங்கம்” என்று மேசையைத் தட்டினார். இத்தனைக்கும் அந்தப் பையனை முதல் வருடத்திலிருந்து தேற்றி எடுத்தவர் அவர்தான். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

கோல்கீப்பரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது அவன் தலை குனியவெல்லாம் இல்லை. ஏரல் பக்கம் வாழை விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பையன். பேச்சில் எப்போதும் ஒரு துணிச்சல். “பச்சிலதான மேடம். சாராயம் மாதிரி கை காலு நடுங்காது. நெனச்சா நாளைக்கே விட்டுருவேன்” என்றான். தினமும் சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த மண்டபத்துக்குப் போவதாகவும், அங்கே வெளியாட்கள் சிலர் கூடுவதாகவும் சொன்னான். அது வரை வாய் திறக்காமல் நின்ற கேப்டன் அப்போதுதான் பேசினான். மேலப்பாளையத்துக்காரன், மெல்லிய ஆள், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“சார், நானும் அங்கன ரெண்டு மூணு தடவ போயிருக்கேன். இழுத்தும் பாத்தேன். பெறவு போகணும்னே தோணல. இவனுக்கு அப்படி இல்ல சார். மத்தியானம் ஆனாலே இவன் கண்ணு கடியாரத்துல இருக்கும். டீம விட்டு அனுப்பிட்டா, சாயங்காலம் இவன் போறதுக்கு அந்த மண்டபம் ஒண்ணுதான் மிச்சம் இருக்கும்.”

தன் தலைக்கும் ஆபத்து வரும் என்று தெரிந்தே அதைச் சொன்னான்.

முடிவை ஒத்திவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் முதல்வர். அந்த மருத்துவர் நான் கேட்டதற்குச் சிரித்தார். எல்லாரையும் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, யாரையும் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது என்றார். சின்ன வயதில், தினமும் இழுக்கிறவனை விடாது. விடும்போது தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, எரிச்சல் வரும் என்றார். “செடியக் கேட்டா பதில் வராதும்மா. பையன விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. தெரிஞ்சிரும். அப்புறம் எங்கிட்ட கூட்டிட்டு வாங்க.”

கடைசியில் முடிவானது இதுதான்: அந்தப் போட்டியில் அவன் ஆடக் கூடாது. ஆனால் காலையும் மாலையும் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும். மருத்துவரைப் பார்க்க வேண்டும். தவறினால் தானே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் தண்டனை கிடையாது. முதல்வருக்கு முதல் பகுதி பிடிக்கவில்லை, பி.டி. சாருக்கு மிச்சம் எதுவும் பிடிக்கவில்லை. இருவரும் சம அளவில் முகம் சுளித்ததால் நல்ல முடிவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

நெனச்சா விட்டுருவேன் என்றவன் அந்த வாரம் பட்ட பாட்டை நான் தோட்டத்திலிருந்து பார்த்தேன். இரவில் கண் மூடாமல், காலையில் முகம் வீங்கி வருவான். பந்து பொறுக்கிப் போட்டவன் மேல் எரிந்து விழுவான். அடுத்த நிமிடமே அவன் தோளில் கை போட்டு மன்னிப்புக் கேட்பான். விடுதிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. பொழுது சாயும் நேரம்தான் அவனுக்குப் பெரும் பாடு. நகத்தைக் கடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவான்.

அது ரமலான் மாதம். கேப்டன் நோன்பு பிடித்துக்கொண்டே பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தான். நோன்பு திறக்க வீட்டுக்குக் கிளம்பும்போது ஒருநாள் கோல்கீப்பரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். பள்ளிவாசலில் ஊற்றிய நோன்புக் கஞ்சியைக் கேப்டனின் அம்மா சொம்பில் வாங்கி வைத்திருந்தாராம். நாள் முழுக்க ஒன்றும் இறங்காதவன் மூன்று கிண்ணம் குடித்தான். “சாப்புடாம கெடந்தது எம்மவனா நீயாப்பா?” என்று அவர் கேட்டதைக் கேப்டன் மறுநாள் மைதானத்தில் நடித்தே காட்டினான். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பொல்லாத நேரத்தில் ஹாக்கி அணியில் பாதிப் பேர் சைக்கிள்களில் மேலப்பாளையம் போனார்கள். கஞ்சாவை விடுவதற்குக் கஞ்சி என்று கல்லூரி முழுக்கக் கேலி பரவியது. என் வகுப்பிலேயே ஒருத்தி, “மேடம், அது எந்தக் குடும்பத் தாவரம்?” என்று கேட்டாள்.

வெளியே அனுப்பச் சொன்ன பி.டி. சார்தான் எல்லாரையும்விடத் தீவிரமானார். காலையில் விடுதி ஜன்னலுக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, அவன் பல் தேய்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்வரை விசில் ஊதுவார். விடுதியில் மற்ற எல்லாரும் அவனைத் திட்டிக்கொண்டே எழுந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவன் ஆய்வகத்துக்கு வந்து வாசலிலேயே நின்றான். “மேடம், நேத்து மண்டபத்துக்குப் போயிட்டேன்.” ஏன் என்னிடம் சொல்கிறாய் என்றேன். “சார்ட்ட சொல்லப் பயமா இருக்கு. நீங்க கூட வாரீங்களா?” மைதானம் வரை இருவரும் நடந்தோம். பி.டி. சார் கேட்டுக்கொண்டார். அவர் கை விசில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி முறுக்கியது. இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

“நேத்துப் போனது நேத்தோட போச்சு. இன்னைக்குப் போகலல்லா?”

“இல்ல சார்.”

“பெறவு என்னத்துக்குலே வெறுங்காலோட நிக்க? போயி ஷூவ மாட்டு.”

அவன் ஓடினான். பி.டி. சார் என் பக்கம் திரும்பாமலே, “வெயிலு என்னா போடு போடுது பாத்தீங்களா மேடம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொழுது அப்போது நன்றாக இறங்கியிருந்தது.

போட்டியில் முதல் வருடத்துப் பையன் ஒருவன் கோல் காத்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எங்கள் ஆள் தொண்டை கிழியக் கத்தினான்: “எடது பக்கம் வாரான் லே! முன்னால ஏறு! பைய, பைய!” அரையிறுதியில் தோற்றோம். முதல்வர் என்னிடம் ஒரு வாரம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மறு வருடம் அவனே கோல் காத்தான். அப்போதும் அரையிறுதியில்தான் தோற்றோம். அதிலும் அவன் கால்களுக்கு நடுவே போன ஒரு பந்தால். “இந்தத் தடவ செடிமேல பழி போட முடியாதே மேடம்” என்று அவனே வந்து சொன்னான். அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதே காலத்தில் வேறொரு கல்லூரிக் கைப்பந்து அணியிலிருந்து ஒரு பையனைப் பிடித்த அன்றே நீக்கினார்கள். பிறகு அவன் படிப்பையும் விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் முடிவுதான் சரி என்று அதை வைத்து நான் வாதாட மாட்டேன். எங்கள் பையனுக்கு அந்த நேரத்தில் ஒரு கேப்டன் வாய்த்திருந்தான், அந்தக் கேப்டனுக்கு ஓர் அம்மாவும் இருந்தார். எல்லா அணிக்கும் அது வாய்க்காது. ஆனாலும் மைதானத்தின் வாசலை அடைக்காமல் வைப்பது எந்த அணியாலும் முடியும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஏரல் வழியாகப் போனபோது அவன் வீட்டுக்குப் போனேன். வாழைத்தார் வியாபாரம், ஊரில் இப்போது அவன் அண்ணாச்சி. தலை பாதி நரைத்துவிட்டது. அவனே பேச்சை எடுத்தான். “எனக்கு அது பிடிச்சுக்கிட்ட சீக்குதான் மேடம். கேப்டனுக்குப் பிடிக்கல. அவன் என்னைய விட ஒசந்தவன்னு இல்ல, அவன் ஒடம்பு அப்படி. எம்மவன்ட்டயும் இதத்தான் சொல்லிருக்கேன்.” காபி கொண்டுவந்த அவன் மனைவி, “முட்டி தேஞ்சு போச்சு, ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஞாயித்துக்கெழம ஆனா ஆளப் பிடிக்க முடியல. நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர்” என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளும் நானும் சொல்லிப் பார்த்தோம். பிறகு மூவருமாக ஊர் மைதானத்துக்குப் போனோம். கல்லூரிப் பையன்கள் அடிக்க, அவன் கோல் காத்தான். முதல் பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போய்ப் பந்தை எடுத்து வந்து, திரும்ப உருட்டிவிட்டான்.

“ஏலே, அடுத்தத அடி பாப்போம்!”