சகலை கேட்ட விறகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன் அடிக்கிறது. ஆம்பூரிலிருந்து சகலை ஸ்டீபன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஷூ கம்பெனியில் மேனேஜர்.

"அண்ணே, பையனுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். உங்க மாடில அந்த வெறகு கெடக்குதுல்ல... இப்ப நல்லா காஞ்சிருக்குமே? அனுப்பி வெக்கிறீங்களா?"

அந்த விறகையா? என் விறகையா?

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். விறகு கொடுக்க என்ன யோசனை என்றுதானே கேட்கிறீர்கள்? முழுக் கதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்டீபன் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே! கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குப் போட்ட பிரியாணியை எங்கள் மாமியார் இன்னும் மறக்கவில்லை. யார் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டாலும் கை கழுவும்போது, "இன்னா இருந்தாலும் ஸ்டீபன் வூட்டு பிரியாணி மாதிரி வராது" என்பார். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டும் சொல்வார். என் காதுபட.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன்? வடிகட்டிய பொறாமை.

போன வருஷம் என் மகளுக்கு நிச்சயம் வந்தது. விடுவேனா? ஸ்டீபன் வீட்டுக்குச் சமைத்த அதே ஆம்பூர் மாஸ்டரைப் பிடித்தேன். அவர் போட்ட கண்டிஷன் ஒன்றுதான் — "கேஸ்ல பண்ண மாட்டேன் சார். வெறகு நீங்க ரெடி பண்ணிடுங்க."

எங்கள் சத்துவாச்சாரியில் பர்கர் கேட்டால் பத்து நிமிடத்தில் வரும். விறகுக்கு எங்கே போவது? விஷயம் எப்படியோ ஸ்டீபன் காதுக்குப் போய்விட்டது. உடனே போன்.

"நம்மகிட்ட ஒரு வருஷத்து புளிய வெறகு இருக்குதுண்ணே. அனுப்பட்டா?"

ஒரு வருஷத்துப் பழசு! அவர் வீட்டில் மிஞ்சியது, என் மகள் விசேஷத்துக்கா? "வேணாம் ஸ்டீபன், ஆர்டர் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் விறகுக் கடை நம்பரையே தேடினேன்.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். ஒரே அளவாகப் பிளந்து அடுக்கிய கட்டைகள். பார்க்கவே லட்சணமாக இருந்தன.

"பழைய ஸ்டாக் இல்லியே?" என்றேன்.

"இது போன வாரம் வெட்டுனது. பழசு வேணாமா சார்?" என்றார், கொஞ்சம் ஆச்சரியமாக.

"பழசு வேணாம்னுதானே சொல்றேன்!"

கீரையும் மீனும் வாங்கிப் பழகியவனுக்கு வேறு எப்படிப் பேசத் தெரியும்? டவுனுக்குள் டெலிவரி என்றால் குறைந்தது அரை டன் எடுக்க வேண்டுமாம். சரி என்றேன். குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். கனமாக இருந்தால் தரமான சரக்குதானே... என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று காலை. பக்கத்துக் காலி மனையில் மாஸ்டர் அடுப்பு மூட்டினார். புகை... புகை... புகை மட்டும்தான். எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. கட்டையின் மறுமுனையில் நுரை நுரையாகத் தண்ணீர் வடிந்தது.

"இன்னா சார், பச்ச மரத்த குடுத்திருக்கீங்க? இதுல தணல் எங்க விழும், நான் எப்டி தம் போடறது?" மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கலவை ஊரிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் ஆற்காடு தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. அடுப்பு எரியவில்லை. என் வயிறுதான் எரிந்தது. சம்பந்தி வீட்டை வெறும் இலையில் உட்கார வைக்கப் போகிறேன்!

அந்த நேரம் பார்த்து ஸ்டீபனின் கார் வந்து நின்றது. டிக்கி நிறைய விறகு. பின் சீட்டில் பட்டுப்புடவையோடு என் கொழுந்தியா, அவளைச் சுற்றியும் விறகு.

"எதுக்கும் இருக்கட்டும்னு போட்டுகினு வந்தேண்ணே" என்றவர், வெள்ளைச் சட்டையோடு தானே இறக்கவும் ஆரம்பித்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிரியாணி பிரமாதம். மாப்பிள்ளையின் அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போய் நின்றேன். மாமியார் வந்தார்.

"இன்னா இருந்தாலும் ஸ்டீபன் வெறகு மாதிரி வராது."

அந்த அரை டன்னில் மிஞ்சியதையெல்லாம் அன்றே மாடியில் ஏற்றினேன். வெயிலில் புரட்டிப் போட்டேன். மழைக்குத் தார்ப்பாய் போர்த்தினேன். "பொண்ணு கல்யாணத்துக்குகூட நீங்க இவ்ளோ அலையலியே" என்றாள் மனைவி. இப்போது இரண்டு கட்டைகளைத் தட்டினால் டங்கென்று சத்தம் வருகிறது. பேரக்குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு அந்த விறகில்தான் பிரியாணி, மாமியார் வாயால் ஒரு நல்ல வார்த்தை... இதுதான் என் கணக்கு.

அந்த விறகைத்தான் ஸ்டீபன் கேட்கிறார்!

"யோசிக்கிறேன்" என்றேன் மனைவியிடம்.

"அன்னிக்கி அவரு யோசிச்சாரா?" என்றாள்.

அனுப்பினேன். சும்மா அனுப்பவில்லை. குட்டி யானையில் டிரைவர் பக்கத்தில் நானே உட்கார்ந்து ஆம்பூர் வரை போனேன். யாருடைய விறகு என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

போன சனிக்கிழமை நிச்சயம். அதே மாஸ்டர். தணல் தகதகவென்று விழுந்தது. சாப்பாடு முடிந்து மாமியார் கை கழுவ வந்தார். நான் முன்கூட்டியே டவலோடு நின்றிருந்தேன்.

"இன்னா இருந்தாலும் ஸ்டீபன் வூட்டு பிரியாணி மாதிரி வராது" என்றார்.

ஸ்டீபன் ஓடி வந்தார். சொன்னேனே, நல்ல மனிதர். "அத்தே, வெறகு அண்ணன் குடுத்தது. ஒரு வருஷமா காயவெச்சு எடுத்தாந்தாரு."

மாமியார் என் கையிலிருந்த டவலை வாங்கி நிதானமாகத் துடைத்தார்.

"வெறகுல இன்னாப்பா இருக்குது? எல்லாம் மாஸ்டர் கைப்பக்குவம்."

பொறாமைப்படக் கூடாது என்று எங்கள் பாஸ்டர் அடிக்கடி பிரசங்கம் செய்கிறார். அவருக்குச் சகலை கிடையாது.