சாவி பையில் இருக்க, மணியடித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை நம் ஆபீஸ் பஸ் கோவளம் நிறுத்தத்தில் வழக்கம்போல் நின்றது. சபாபதி ஏறவில்லை. டிரைவர்தான் திரும்பிச் சொன்னார்: "சார் போய்ட்டாருபா. விடிகாலைல நெஞ்சுவலி."

போனில் பழைய அகப்பாடல்களும் வடமொழிக் காமநூல்களும் வாசித்தபடியே அவர் வருவது உங்களுக்கெல்லாம் தெரியும். காமநூல் என்றதும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்ப்போம். படம் இருக்காது. ஏமாந்து தூங்கிவிடுவோம். "படத்தத் தேடாதீங்கடா. கல்யாணம் ஆகி இருவது வருசம் கழிச்சும் அவ உன்ன எப்டித் திரும்பிப் பாப்பான்னுதான் பாதி புக்கு எழுதி வச்சிகீறாங்க" என்பார்.

படித்ததை மனிதர் வீட்டில் அமல்படுத்தியும் விட்டார். ஊடல் கொண்ட தலைவி கதவடைப்பாள், தலைவன் வாசலில் நிற்பான் அல்லவா? அதனால் சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டே தினமும் மணியடிப்பார். "யாரு?" என்பார் உள்ளிருந்து அவர் மனைவி மல்லிகா அண்ணி. "வெளியூரு. இந்த வூட்ல அழகான பொண்ணு கீதுன்னு சொன்னாங்க." "அது வெளிய போயிகீது. அப்புறம் வா." மழையிலும் இந்தக் கூத்து உண்டு. காபி குடிக்க அவர்கூடப் போய் நனைந்தவன் நான்.

ஒரு சமயம் நானும் என் மனைவி வசந்தாவும் தண்ணி கேனைத் தவிர வேறெதுவும் பேசி மூன்று வாரம். படாளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்ப அவள் பெட்டி கட்டிவிட்டாள். பயத்தில் நானும் மணியடித்தேன். "யாரு?" வசனம் மறந்துபோனது. "நான்தான்." "சாவியத் தொலைச்சிட்டியா? அதான பாத்தேன்." அரை மணி நேரம் திட்டினாள். சபாபதியிடம் புலம்பினேன். "திட்டுனாளா? அப்ப பேசிட்டா. நாளைக்கும் அடி" என்றார். நாலாம் நாள் சிரித்துவிட்டாள். பெட்டி பரணுக்குப் போனது.

துக்கம் விசாரிக்கப் போயிருந்த அன்று சாயங்காலம், சபாபதி வீட்டு மணி அடித்தது. அழுதுகொண்டிருந்த அண்ணி சட்டென்று நிமிர்ந்து, "யாரு?" என்றார். தண்ணி கேன்காரர். அண்ணி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "தெனம் அப்புறம் வான்னுதான் சொல்லுவேன். நின்னுகினே இருப்பாரு."

சபாபதியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, சாவி இருந்தும் வாசலில் நிற்கும் இந்தப் பழக்கம்தான். அன்றும் வீடு திரும்பி மணியடித்தேன். "யாரு?" என்றாள் வசந்தா. வெளியூர் என்று சொல்லத்தான் நினைத்தேன். பையிலிருந்த சாவியைத் தொட்டபடி நின்றேன். அவள் என்னைக் காக்க வைக்காமல் கதவைத் திறந்தாள்.