வேர்லாவின் முறை

ஒருத்தியின் முறையை அன்பாகப் பறித்துக்கொண்டால், அது பறிப்பு இல்லை என்பீர்களா?

வேர்லா உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறார். பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்டே ஊரைத் தாண்டிய வயல் சாலை, ஞாயிற்றுக்கிழமை காலை, மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பதினாறு சைக்கிள்கள். முதுகுப் பையில் அவித்த கிழங்கு. ஒரு கையால் தோலுரித்து உப்போடு வாயில் போடுவார். மற்றவர்கள் தெம்புக்காகப் பாக்கெட்டிலிருந்து சர்க்கரைப் பசையை உறிஞ்சுவதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. "கெழங்கு வெளையிற மண்ணுல பொறந்துட்டு பசைய நக்குறீங்களேடா!"

வயது ஐம்பத்து மூன்று. காய்கறி உறையவைக்கும் ஆலையில், ஓடும் பட்டையிலிருந்து பீன்ஸில் கலந்த கல் பொறுக்குகிறார். கழிப்பறைக்குப் போகும் நேரத்தை மேலாளர் குறைத்த அன்று, பட்டையை நிறுத்திவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தவர். கோயில் மணி அடித்தால் திரும்பிப் பார்க்கமாட்டார். "சாமி அடுத்த வாரமும் இருக்கும். இந்தக் காத்து இருக்குமா?"

கூட்டத்தில் ஒரே சட்டம்தான். முன்னால் போகிறவர் வீசுகிற காற்றைத் தன் உடம்பில் வாங்க வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்கு அந்த நிழலில் பாதி உழைப்புதான். கொஞ்ச நேரத்தில் அவர் ஒதுங்க, அடுத்தவர் முன்னால் வருவார். ஆனால் வேர்லாவின் முறை வரும்போதெல்லாம் தலைவர் வில்ஃப்ரீட் பக்கவாட்டில் பாய்ந்து வந்துவிடுவார். கசாப்புக்கடை வைத்திருந்த நல்ல மனிதர். "நீ உள்ளயே இரும்மா. காத்து பொல்லாதது." மூன்று வருடமாக இதே பாட்டு.

போன வாரம் சைக்கிள் சங்கத்தின் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். முன்னால் வந்து காற்றைத் தாங்காதவர்கள் அடுத்த மாதம் முதல் மெதுவாகப் போகும் இரண்டாம் குழுவுக்கு. கீழே ஒரே ஒரு பெயர்: வேர்லா.

"வரவிடாம தடுக்கறதும் நீங்க, வரலன்னு எழுதறதும் நீங்க. நல்லாருக்குடா உங்க நியாயம்!"

இன்று கால்வாய்க் கரையில் இடப்பக்கக் காற்று, நெட்டை மரங்களையே வளைக்கிறது. முன்னால் இருந்த ஸ்டெய்ன் ஒதுங்கினான். அடுத்து வேர்லா. வழக்கம்போல வில்ஃப்ரீட் இடது பக்கம் ஏறி வந்தார்.

"அண்ணே, என் முறை. பின்னால போ!"

"ஏம்மா, காத்து..."

"தெரியும். எனக்கும் மூக்கு இருக்கு!"

வேர்லா இடம் விடவில்லை. முழுக் காற்றிலும் நின்று இழுத்துப் பார்த்த வில்ஃப்ரீட், மூச்சு வாங்கிப் பின்தங்கினார். அதன் பிறகு வேர்லா இழுத்த இழுப்பு இருக்கிறதே! வேகம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பாலம் போனது, பசுக்கள் போயின, ஒரு கிராமமே போனது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா!" என்று ஸ்டெய்ன் கத்தினான்.

"அது ரெண்டாம் குழு பேசுற பேச்சுடா!"

பதினாறு பேரும் சிரித்ததில் வரிசையே ஆடியது. போதும் என்று தோன்றியபோது வேர்லா தானாகவே ஒதுங்கி, பாட்டு முணுமுணுத்தபடி கடைசிக்கு வந்தார். அங்கே வில்ஃப்ரீட், முகம் பீட்ரூட்டாகி, முன்னால் போகும் சக்கரத்தை எட்ட முடியாமல் பின்தங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காயிதத்த..." மூச்சு இழுத்தது. "நானே கிழிச்சிடறேன்மா."

"அது சரி. இப்ப சொல்லுண்ணே, தள்ளவா, வேண்டாமா?"

வேர்லா காத்திருந்தார். வில்ஃப்ரீட் தலையசைத்தார். அப்புறம்தான் அந்தக் கல் பொறுக்கும் கை அவர் முதுகில் பதிந்து, மெல்லத் தள்ளியது.

நீங்களும் முதலில் கேளுங்கள்.