அவத்தைப் படம்

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில், சீனிப் போத்தலுக்கு நேரே, பென்சிலால் கீறிய ஒரு படம் இருக்கிறது. குறுக்கே இரும்பில் எவ்வளவு கரி, நெடுக்கே எவ்வளவு சூடு, நடுவில் சரிந்தும் முட்டியும் போகும் கோடுகள். தொண்ணூறுகளில் அண்ணர் கீறியது. அவத்தைப் படம் என்றார். எங்கள் பேச்சில் அவத்தை என்றால் கிடந்து படும் துன்பம். ஆருடைய அவத்தை என்று கேட்டேன். இரும்பினுடையது என்று சிரித்தார். அவர் படிப்பில் அது உலோகம் இருக்கும் நிலைக்குப் பெயராம்.

அண்ணர் பொறியியலைப் பாதியில் விட்டுவிட்டுச் சண்டைக்குத் தப்பி இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோ நகருக்கு வந்தவர். இங்கேயாவது அதை முடிக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஆனால் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரித்தார். அந்த வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது என்ற பயம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. வியாழன் பின்னேரம் அல்பெர்கேரியாவில் என் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை இரும்பைப் பற்றியே கதைப்பார். இரும்பை வெட்டி, மினுக்கி, அமிலம் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உள்ளே மணிமணியாகத் தெரியுமாம். எந்த மணி எந்தச் சூட்டில் பிறக்கும் என்பதைப் படமே சொல்லிவிடுமாம். எனக்குப் பாதி விளங்காது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிவக்கச் சுட்ட உருக்கைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். கரிக்கு வெளியேற நேரமில்லை, உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதனால் உருக்கு கடினமாகும், ஆனால் அடித்தால் வெடிக்கும் என்றார். அது இந்தப் படத்தில் எங்கே என்றேன்.

"அது இதிலை இல்லை. ஆறுதலா, மெல்ல மெல்ல ஆறினதுக்குத்தான் இந்தப் படம்."

சில வருடங்களில் சிஞ்ஞோரா இறந்துபோனார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பெர்மெஸ்ஸோவையும் அப்போதுதான் புதுப்பித்திருந்தார். இனிப் போய்ப் படியுங்கோ என்றேன். சிஞ்ஞோராவின் தங்கை தன்னைப் பராமரிக்கக் கூப்பிட்டதாகவும், தான் ஓம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆர் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கினம் என்று கேட்டேன்.

"கதவு திறந்துதான் கிடக்கு, தங்கச்சி. எனக்குத்தான் வெளிக்கிடத் தெரியேல்லை."

போன வருடம் சமையலறைக்கு நிறம் அடித்தபோது அந்தக் கதவை ஆரையும் நான் தொட விடவில்லை. இப்போது அண்ணருக்கு வேறொரு சிஞ்ஞோரா. வியாழனில் வருகிறார். கதவைத் திறந்து சீனியை எடுக்கிறார், மூடுகிறார். படத்தைப் பார்ப்பதில்லை. தேத்தண்ணீர் ஆறுமுன்னமே குடித்துவிட்டு எழும்பிவிடுகிறார்.