மாடி டீச்சரின் அர்த்தமில்லாத சொற்கள்

மாடிக் கதவைத் திறப்பதற்கு முன் டீச்சர் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் சற்று நிற்பார். கையில் சாவி, தோளில் சாப்பாட்டுப் பை. எதையோ மென்று பார்ப்பதுபோல உதடுகள் அசையும். பிறகு, லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக் கேட்பார்.

“தம்பி, கொபிலைன்னு ஏதாவது இருக்கா?”

யோசித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டுவேன்.

“நுவடி?”

அதுவும் இல்லை.

“தவிடை?”

“தவிடு ஞாபகம் வருது டீச்சர்.”

“அப்ப வேணாம்.” அந்தச் சொல்லைக் காற்றிலேயே கையால் அழித்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பதும், டிஸ்லெக்சியா என்று தெரிந்தால் அவர்களுக்கேற்றபடி சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. பெற்றோர் முதலில் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கோளாறு கண்ணில் இருந்தால் கண்ணாடியோடு போய்விடுமே என்ற ஆசை. எங்கள் முதலாளி பார்த்துவிட்டு, “கண்ணு கழுகு மாதிரி இருக்குங்க. மேல போங்க” என்று மாடியைக் காட்டுவார். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள்.

ஒருமுறை விளக்கு மாற்றிக்கொடுக்க மேலே போனேன். குட்டி நாற்காலிகள், விரலால் எழுத்து வரைய மணல் பரப்பிய தட்டு. பெரியவர்களுக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் அவருடைய சாப்பாட்டுப் பை. அந்தச் சொற்கள் எதற்கு என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“தெரிஞ்ச வார்த்தைன்னா பிள்ளைங்க முதல் எழுத்தப் பாத்து மீதிய ஊகிச்சிடும். கெட்டிக்காரப் பிள்ளை பக்கத்தையே மனப்பாடம் பண்ணிடும். அர்த்தமே இல்லாத வார்த்தைகிட்ட அந்த வேலை நடக்காது. எழுத்தும் சத்தமும் ஒண்ணு சேருதா இல்லையான்னு அங்கதான் தெரியும்.”

வீட்டில் அவர் தனியாள். தூரத்தில் ஒரு தங்கை, ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாட்களில் அவரிடம் பேசியவர்கள் பிள்ளைகளும், பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்தவர்களும்தான்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மகளோடு வந்தது அப்போதுதான். வாய் ஓயாத பெண் என்பதால் அவளுக்கு ‘வானொலி’ என்று அப்பாவே பெயர் வைத்திருந்தார். கேட்ட கதையை நடித்தே காட்டுவாள். புத்தகத்தைத் திறந்தால் வானொலி நின்றுவிடும். டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் கொண்டுவந்தால் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறோம், இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி அதே வகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். “அப்படி உக்கார வெச்சா நான் ஸ்கூலுக்கே போமாட்டேன்” என்று அவள் எங்கள் கடையின் கண்ணாடிகளைப் பார்த்துச் சொன்னாள்.

முதல் நாள் மேலே போய் உட்கார்ந்த பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து சோதனை தள்ளிப்போனது. அடுத்த முறை முடிந்ததும் அப்பா துள்ளிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

“முதலாளி! ஒரு தப்புகூட இல்ல! எப்படி வரும்? அன்னைக்கே டேபிள் மேல இருந்த கொஸ்டின் பேப்பரப் போட்டோ எடுத்துட்டேன்ல. தினமும் ஒப்பிக்க வெச்சேன். வாயில நுழையாத வார்த்தைங்க, ஆனா என் பொண்ணு அசரலையே!”

“லிஃப்ட் மாதிரி பட்டனத் தட்டினதும் மேல போயிடும்னு நெனச்சீங்களா?” என்றார் முதலாளி.

படிக்கட்டில் டீச்சர் நின்றிருந்தார். “அய்யோ, ஜெயிக்க வெச்சே தோக்கடிச்சிட்டீங்களே சார். இத வெச்சு நான் என்ன எழுத? குறையே இல்ல, சோம்பேறித்தனம்னுதான் சொல்லுவாங்க.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “பரீட்சைன்னா பாஸ் பண்ணணும்னுதானே மேடம் தெரியும்…”

“அடுத்த வாரம் வேற வார்த்தை வெச்சுப் பாக்கலாம். அதுவரைக்கும் அவள ஒண்ணும் பண்ணாதீங்க. விளையாட விடுங்க.”

அந்த வாரம் கடை வாசலில் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். தேழுமி, பொசுணை, கிரடு என்று வந்துகொண்டே இருந்தன. நானும் முன்னதாகவே வந்து இயந்திரத்தை ஓட்டாமல் காத்திருந்தேன். “அந்தப் பொண்ணுக்கா டீச்சர்?” என்று கேட்டதற்கு, “அர்த்தம் ஏதாவது வருதான்னு மட்டும் சொல்லுங்க தம்பி” என்றார்.

சோதனை நாளில் மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த சொற்களை அவள் வாசிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, தேய்க்க வேண்டிய லென்ஸைக் கையிலேயே வைத்திருந்தேன். அவள் திணறினாள், சான்றிதழ் கிடைத்தது. அப்பா அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. அதன்பின் மாலைதோறும் வானொலி மணலில் எழுத்து வரைந்துகொண்டே சத்தம் சொல்லும் குரல் படிவழியாக இறங்கி வரும்.

மறுவருடம் தங்கைக்கு உடம்பு முடியாமல் போகவே டீச்சர் அவளோடு இருக்கப் போய்விட்டார். சாவியைத் தந்தபோதும் ஒரு சொல் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் இடத்துக்கு வந்த இளம் டீச்சர் நேராக மாடிக்குப் போய்விடுவார். ஒருநாள் நானே கேட்டேன். “புது வார்த்தைங்க ஏதும் பாக்கணுமா மேடம்?”

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் சிரித்தார். “நாமளா வார்த்தை உண்டாக்கினா அந்தச் சோதனையே செல்லாதே. எல்லாம் அச்சடிச்சுப் பெட்டியில வரும். ஒரு தாள் வெளிய தெரிஞ்சுபோச்சுன்னா மாத்துத் தாளும் அதுலயே இருக்கும். ஃபைல்ல பாத்தேன், அந்த மெக்கானிக் பொண்ணுக்கும் மாத்துத் தாள்தான் வெச்சிருக்காங்க.”

“அதுல கொபிலை இருக்கா?”

இரண்டு தாளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“கொபிலையா? அப்படி எதுவும் இல்லையே.”