ஒன்பது மணி நேரச் சோதனைகள்

எங்கள் டீம் லீடுக்கு வேகம் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாத அந்த விஷயத்தைப் பற்றி வாராவாரம் ஒரு மணி நேரம் பேசுவார்.

புதன்கிழமைகளில், கேரள எல்லையை ஒட்டிய கொல்லயிலில் உள்ள அவர் வீட்டு மாடிதான் எங்கள் அலுவலகம். மற்ற நாட்களில் அவரவர் வீட்டிலிருந்து வேலை. லீடு சர்ச் கமிட்டிக்காரர். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும், ஜெபம் முடிந்த பிறகுதான் மென்பொருள் சோதனைகளை ஓடவிடுவார். நான் கோயிலுக்குப் போகிறவன், இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன். திட்ட வேண்டுமென்றால் அவருக்கு மலையாளம், காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழ், மேலிடத்தில் புளுக வேண்டுமென்றால் இங்கிலீஷ்.

ஒரு பெரிய சர்வருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல இயங்கும் மெய்நிகர் கணினியை, ஓட்டத்தை நிறுத்தாமல் இன்னொரு சர்வருக்கு மாற்றும் மென்பொருள் எங்களுடையது. மாற்றம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகள் ஓடி முடிய ஒன்பது மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றும் ஒரு கணினியைப் புதிதாக உருவாக்கும், மாற்றும், பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். ஏன் ஐந்து? என்றோ யாரோ பயந்து போட்ட எண். அதைத் தொடும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. ஒரு எழுத்தை மாற்றினாலும் பலன் தெரியச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை டீ குடிப்போம், அதற்குப் பெயர் வேலை.

மாதக் கடைசிக்குள் இந்த நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னது. லீடு உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். அம்பூரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண் எங்களோடு வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்காக ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. சமீபத்திய சோதனைகளை எழுதியவள் அவள்தான்.

"எந்தா இது, ஒச்சு போலெ இழையுந்நு?" என்றார் லீடு, எல்லோர் முன்னாலும். நத்தை மாதிரி ஊர்கிறதாம். ஐந்து நிமிடக் காத்திருப்பு அவள் வருவதற்கு முன்பே இருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அவள் வாதாடவில்லை. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் திருத்தி எழுதி, பார்த்து ஒப்புதல் தரச் சொல்லி எனக்கு அனுப்பினாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அது மென்பொருளில் சேரும். அடுத்த புதன் வந்து கேட்டாள்.

"அண்ணன் அத பாத்தாச்சா?"

"இன்னைக்கு பாக்கேன் மக்கா."

மூன்று புதன்கிழமைகள் அதே கேள்வி, அதே பதில். நான் திறக்கவே இல்லை. நேரமில்லை என்று சொன்னால் பொய். ஏழு வருஷம் வீட்டில் இருந்தவள், என்னால் முடியாததை எப்படிச் செய்திருக்க முடியும்? அதுதான் என் நினைப்பு.

அதற்குள் லீடு தன் வேகத்தைக் காட்டினார். மொத்தம் பதினோரு வரி. கணினி மறுபக்கம் போய்ச் சேர்ந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதை, அந்த ஐந்து நிமிடத்தோடு சேர்த்து நீக்கிவிட்டார். பழைய சர்வரிடம் "அனுப்பியாச்சா?" என்று கேட்பார், அது "ஆச்சு" என்றால் தேர்ச்சி. மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பியதைக் கேட்டதும் கல்யாணம் முடிந்தது என்று எழுதிக்கொள்வது போல.

"எலே, நாப்பது நிமிசத்துல தீருதாக்கும்! ஒண்ணு ஒப்புதல் போடு, மக்கா," என்றார் தமிழில்.

படித்தேன். புரிந்தது. டீ ஆறுவதற்குள் ஒப்புதல் கொடுத்தேன். மூத்தவர் எழுதியதைக் கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. கோழைத்தனத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது.

மேலிடம் கைதட்டியது. மாடிக்கு வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வந்தது. அம்பூரிக்காரிக்கு வேகம் போதாது என்று ஒப்பந்தத்தை நீட்டவில்லை. அவள் சார்ஜரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணன் நான் அனுப்புனத க்ளோஸ் பண்ணிருங்க. தொறந்து கெடந்தா பின்ன வாறவங்களுக்குக் கொழப்பமாக்கும்," என்றாள்.

அவள் படியிறங்கிய பிறகு முதல்முறையாக அதைத் திறந்தேன். கணினியை ஒரே ஒருமுறை தயாரித்து, அதன் நகல்களைப் பயன்படுத்தியிருந்தாள். ஐந்து நிமிடம் காத்திருப்பதற்குப் பதில், வந்தாயா என்று நொடிக்கு ஒருமுறை கேட்க வைத்திருந்தாள். சோதனைகள் நான்கு நான்காகச் சேர்ந்து ஓடின. ஓடவிட்டேன். ஒரு சோதனையைக்கூட நீக்காமல் எழுபது நிமிடத்தில் முடிந்தது. மூன்று மட்டும் தோற்றன, உண்மையாகவே தோற்றன. அந்த மூன்று கணினிகளும் மறுபக்கத்தில் எழுந்திருக்கவே இல்லை. லீடின் சோதனையில் மூன்றும் தேர்ச்சி.

லீடிடம் காட்டினேன். திரையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

"நல்லா போற காரியத்த எதுக்குலே கிண்டுத? அவ போனாளில்லியா, அதயும் மூடு."

வெறுப்பாக இருந்தது. அவர் தட்டில் மிச்சமிருந்த பழம்பொரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுந்து போயிருக்கலாம், மேலிடத்துக்கு இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஆனால் என் ஒப்பந்தமும் டிசம்பரில் முடிகிறது, நீட்டச் சொல்ல வேண்டியவர் லீடு.

அவள் எழுதியதை மூடுவதற்குக் காரணம் கேட்டது திரை. "தேவையில்லை" என்று எழுதினேன். அதன் கீழே என் பெயர் தானாக வந்து நின்றது.